சிங்கப்பூரில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பகுதிநேரப் பட்டம்: தகவல்தொடர்பு, மேலாண்மைப் படிப்புகள்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பகுதிநேரப் பட்டம் என்பது, ஒருவர் தாம் வாழும் நாட்டிலேயே வேலை பார்த்துக்கொண்டு, வேறொரு நாட்டின் பல்கலைக்கழகம் வழங்கும் பட்டத்துக்காக மாலை நேரங்களிலும் வார இறுதிகளிலும் படிக்கும் முறையாகும். இம்முறை சிங்கப்பூரில் பல பத்தாண்டுகளாக வேரூன்றியுள்ளது. அங்கு ஆஸ்திரேலியா, பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் பல்கலைக்கழகங்கள் உள்ளூர்த் தனியார் கல்வி நிறுவனங்களுடன் இணைந்து பட்டப்படிப்புகளை நடத்துகின்றன. வேலைக்குச் செல்வோர் இவற்றுள் பெரிதும் நாடும் துறைகளில் தகவல்தொடர்பும் மேலாண்மையும் அடங்கும். இலங்கைத் தமிழில் இத்துறைகள் முறையே தொடர்பாடல், முகாமைத்துவம் எனப்படும்.

பட்டயப் படிப்போடு வேலைக்குச் சென்றவர்கள், குடும்பச் சூழலால் பல்கலைக்கழகம் செல்ல இயலாதவர்கள், பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்படுபவர்கள் ஆகியோருக்கு இது இரண்டாவது வாய்ப்பாக அமைகிறது. ஆனால் பட்டத்தை யார் வழங்குகிறார், யார் கற்பிக்கிறார், எந்த நாட்டில் அது ஏற்கப்படும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் சேர்ந்தால், சில ஆண்டு உழைப்பும் பெருந்தொகையும் பயனற்றுப் போகக்கூடும்.

வரலாறு

ஓர் ஊரில் இருந்துகொண்டு வேறோர் ஊரின் பல்கலைக்கழகப் பட்டத்தைப் பெறும் வழக்கத்தை லண்டன் பல்கலைக்கழகம் தொடங்கி வைத்தது. 1836இல் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகம், குறிப்பிட்ட கல்லூரிகளில் படித்தவர்களே தேர்வு எழுதலாம் என்ற விதியை 1858ஆம் ஆண்டின் புதிய சாசனத்தின் வழியாக நீக்கியது. அதன் பின்னர் எங்கு, எப்படிப் படித்தவரும் தேர்வில் தேறினால் பட்டம் பெறலாம் என்ற நிலை உருவாயிற்று. இம்முறை புறநிலைப் பட்டம் அல்லது வெளிவாரிப் பட்டம் எனப்பட்டது. பிரித்தானியக் குடியேற்ற நாடுகள் பலவற்றில் தேர்வு மையங்கள் ஏற்பட்டன.

தமிழர் வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு. யாழ் நூலின் ஆசிரியரான சுவாமி விபுலாநந்தர், துறவு பூணுவதற்கு முன் இலங்கையில் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் இளநிலைத் தேர்வில் தேறினார். 1921இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமையும் வரை, மாணவர்களை லண்டன் தேர்வுகளுக்கே ஆயத்தம் செய்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்னொரு திருப்பம் நேர்ந்தது. 1969இல் அரச சாசனம் பெற்ற பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அச்சிட்ட பாட ஏடுகள், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றின் துணையோடு வேலை பார்ப்பவர்களுக்கும் உயர்கல்வி கொடுக்கலாம் என்பதை அது நிறுவிக் காட்டியது. புறநிலைப் பட்டத்தில் மாணவர் தேர்வை மட்டும் எழுதினார். திறந்தநிலை முறையில் கற்பித்தலும் அவரைத் தேடி வந்தது.

சிங்கப்பூரில் வளர்ச்சி

சிங்கப்பூர் மேலாண்மைக் கழகம் 1964இல் தொடங்கப்பட்டது. தொழில்மயமாகத் தொடங்கிய நாட்டுக்கு வேண்டிய மேலாளர்களைப் பயிற்றுவிப்பதே அதன் முதல் நோக்கமாக இருந்தது. 1980களில் உள்நாட்டுப் பல்கலைக்கழக இடங்கள் மிகக் குறைவாக இருந்ததால், இக்கழகம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் கூட்டுச் சேர்ந்தது. லண்டன் பல்கலைக்கழகமும், மெல்பர்ன் நகரின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் அக்காலத்திலேயே வந்தவை. பின்னர் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள பஃபலோ பல்கலைக்கழகமும் அங்கு தகவல்தொடர்புப் பட்டத்தை வழங்கத் தொடங்கியது.

ஆர்.எம்.ஐ.டி. 1887இல் உழைக்கும் ஆண்களுக்கான கல்லூரியாக, மாலை வகுப்புகளோடு தொடங்கப்பட்டது. பகலில் பட்டறையிலும் அலுவலகத்திலும் இருந்தவர்கள் இரவில் கற்ற அந்த இடம், 1992இல் பல்கலைக்கழகமாயிற்று.

1990களில் பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் படிப்புகளும் சிங்கப்பூர் மேலாண்மைக் கழகத்தின் வழியாக அறிமுகமாயின. இந்த முயற்சி வளர்ந்து 2005இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 2017 முதல் அது சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் என்ற பெயரில் அரசு ஆதரவு பெறும் தன்னாட்சிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. வெளிநாட்டுப் பட்டத்தைக் கொண்டுவந்த ஒரு மையமே உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் வித்தாக அமைந்தது.

நடத்தப்படும் முறைகள்

வெளிநாட்டுப் பட்டம் என்ற ஒரே பெயரில் வேறுபட்ட பல ஏற்பாடுகள் உள்ளன.

1. புறநிலைத் தேர்வு முறை: பாடத்திட்டமும் வினாத்தாளும் திருத்துதலும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. உள்ளூர் நிறுவனம் வகுப்பு மட்டும் நடத்தும். லண்டன் பல்கலைக்கழகப் படிப்புகள் இவ்வகையைச் சேர்ந்தவை. அதன் மேலாண்மை சார்ந்த பட்டங்களுக்கு லண்டன் பொருளியல் பள்ளி கல்வி வழிகாட்டுதல் அளிக்கிறது.

2. கூட்டு நடத்துதல் முறை: வெளிநாட்டு விரிவுரையாளர் குறிப்பிட்ட வாரங்களுக்கு விமானத்தில் வந்து தொடர் வகுப்புகள் எடுப்பார். மற்ற வாரங்களில் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள் பயிற்சி வகுப்பு நடத்துவர். ஆஸ்திரேலியப் படிப்புகள் பல இவ்வகையில் நடந்துவருகின்றன.

3. கிளை வளாகம்: பல்கலைக்கழகமே நேரடியாக வளாகம் அமைத்து நடத்துவது. 2003இல் தொடங்கிய ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் சிங்கப்பூர் வளாகம் இதற்குச் சான்று.

4. இணையவழி முறை: பல்கலைக்கழகமே மாணவரை நேரடியாகச் சேர்த்து இணையத்தில் கற்பிப்பது. இதில் உள்ளூர் நிறுவனம் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

சிங்கப்பூரில் தனியார் கல்வி நிறுவனங்கள் தம் சொந்தப் பெயரில் பட்டம் வழங்க இயலாது. எனவே விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது உள்ளூர் நிறுவனத்தின் பெயராக இருந்தாலும், சான்றிதழில் வரவேண்டியது வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர்.

இரு துறைகளும் சேர்ந்து வருவதன் காரணம்

தகவல்தொடர்பு என்றால் இதழியல், மேலாண்மை என்றால் கணக்கும் ஆட்களும் என்று பலர் எண்ணுகின்றனர். பாடத்திட்டங்கள் இரண்டையும் அருகருகே வைப்பதற்கு நெடிய ஆய்வு மரபு உண்டு.

ஃபிரெடரிக் டெய்லர் 1911இல் வெளியிட்ட அறிவியல்முறை மேலாண்மை பற்றிய நூல், வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்து அளந்து திட்டமிடுவதை வலியுறுத்தியது. 1916இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி ஃபயோல், திட்டமிடல், அமைப்பாக்கல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல் என மேலாளரின் ஐந்து பணிகளை வகுத்தார். இவற்றுள் கடைசி மூன்றும் பேச்சோ எழுத்தோ இன்றி நடக்காதவை. தொலைபேசி நிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்த செஸ்டர் பர்னார்டு, 1938இல் எழுதிய நூலில் இதை வெளிப்படையாகச் சொன்னார்: தகவல்தொடர்பு அமைப்பை உருவாக்கிப் பேணுவது நிர்வாகியின் தலையாய பணிகளில் ஒன்று என்பது அவர் கருத்து.

ஹென்றி மின்ட்ஸ்பர்க் ஐந்து தலைமை நிர்வாகிகளை ஒவ்வொரு வாரம் கூடவே இருந்து கவனித்து, 1973இல் நூலாக வெளியிட்டார். அவர்களின் நேரத்தில் 78 விழுக்காடு நேரடிப் பேச்சிலும் தொலைபேசியிலும் கூட்டங்களிலும் கழிந்ததை அவர் கண்டார். மேலாளர் தனியறையில் அமர்ந்து அமைதியாகத் திட்டமிடுபவர் என்ற எண்ணத்தை இந்த ஆய்வு மாற்றியது.

இரு துறைகளின் உறவை விளக்க வகுப்பறைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் நிகழ்வு, சேலஞ்சர் விண்ணோட விபத்து. 1986 ஜனவரி 28 அன்று ஏவப்பட்ட 73 நொடிகளில் அது சிதறி, ஏழு பேர் உயிரிழந்தனர். திட எரிபொருள் ராக்கெட்டின் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையங்கள் கடுங்குளிரில் இறுகி, வெப்ப வாயுவைத் தடுக்கத் தவறியதே தொழில்நுட்பக் காரணம். ஆனால் அந்த ஆபத்து முன்பே தெரிந்திருந்தது. ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், முந்தைய நாள் மாலை நடந்த தொலைபேசிக் கூட்டத்தில் ஏவுதலைத் தள்ளிவைக்கும்படி வாதிட்டனர். அவர்களின் மேலாளர்கள் அந்தப் பரிந்துரையை மாற்றினர். இறுதி முடிவெடுத்த மேலதிகாரிகளுக்குப் பொறியாளர்களின் எதிர்ப்பு சென்று சேரவே இல்லை என்பதை ரோஜர்ஸ் விசாரணைக் குழு வெளிப்படுத்தியது.

மாணவர் இதிலிருந்து எழுப்பவேண்டிய கேள்விகள் பல. எச்சரிக்கை ஏன் ஒவ்வொரு படியிலும் மெலிந்தது? கீழிருப்பவர் சொல்வதை மேலிருப்பவர் கேட்கும்படி அமைப்பு இருந்ததா? வாடிக்கையாளரின் அவசரம் நிறுவனத்தின் வாயை அடைத்ததா? இவற்றுக்கு விடை தேடும்போது தகவல்தொடர்புக்கும் மேலாண்மைக்கும் இடையிலுள்ள கோடு மறைந்துவிடுகிறது.

பாடங்கள்

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெயர் மாறினாலும், பாடங்கள் பெரும்பாலும் பின்வரும் தொகுதிகளில் அடங்கும்.

தகவல்தொடர்புக் கோட்பாடு: யார், எதை, எவ்வழியில், யாரிடம், என்ன விளைவோடு சொல்கிறார் என்று ஹெரால்டு லாஸ்வெல் 1948இல் வகுத்த சட்டகம், அதே ஆண்டில் கிளாடு ஷானன் வெளியிட்ட கணிதவழித் தகவல் கோட்பாடு ஆகியவை தொடக்கப் பாடங்கள். செய்தி செல்லும் வழியில் குறுக்கிடும் இடையூற்றை இரைச்சல் என்று குறிக்கும் வழக்கம் ஷானனின் கோட்பாட்டிலிருந்து வந்தது.

பொதுமக்கள் தொடர்பும் நெருக்கடிக்காலத் தொடர்பும்: 1982இல் சிகாகோ பகுதியில் டைலினால் மாத்திரைகளில் யாரோ நஞ்சு கலந்ததால் ஏழு பேர் இறந்தனர். ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் நாடு முழுவதும் சுமார் 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்று, வெளிப்படையாகச் செய்தியாளர்களிடம் பேசியது. நெருக்கடியில் நம்பிக்கையைக் காத்ததற்கான எடுத்துக்காட்டாக இது கற்பிக்கப்படுகிறது.

நிறுவன நடத்தை: ஊக்கம், குழுப்பணி, தலைமை, வதந்தி பரவும் முறை ஆகியவை இதில் அடங்கும். 1924 முதல் 1932 வரை அமெரிக்காவின் ஹாத்தார்ன் தொழிற்சாலையில் நடந்த ஆய்வுகள் இப்பாடத்தின் அடித்தளம்.

பண்பாட்டிடைத் தொடர்பு: ஐ.பி.எம். நிறுவன ஊழியர்களிடம் பல நாடுகளில் திரட்டிய கருத்துக்கணிப்பை வைத்து கீர்ட் ஹாஃப்ஸ்டெட் 1980இல் எழுதிய நூல் இதில் முதன்மையானது. அதிகாரத்தில் உள்ளவரோடு மாறுபட்டுப் பேச ஒரு சமூகம் எவ்வளவு இடம் தருகிறது என்பதை அவர் அதிகார இடைவெளி என்ற அளவால் குறித்தார். சீன, மலாய், தமிழ்ப் பின்னணியினர் ஒரே அலுவலகத்தில் பணியாற்றும் சிங்கப்பூரில் இப்பாடம் அன்றாட அனுபவத்தோடு ஒட்டிச் செல்கிறது.

இவற்றோடு சந்தைப்படுத்தல், மனிதவள மேலாண்மை, வணிகச் சட்டம், அடிப்படைக் கணக்கியல், ஆய்வு முறையியல் ஆகியனவும் இடம்பெறும்.

மதிப்பீடும் எழுத்துப் பயிற்சியும்

பள்ளியிலிருந்தோ தொழிற்கல்வியிலிருந்தோ வரும் மாணவர் சந்திக்கும் முதல் தடை, பாடத்தின் கடினம் அன்று. விடை எழுதும் முறையே. நினைவில் வைத்து எழுதிய விடைக்கு இங்கு மதிப்பெண் குறைவு. ஃபயோலின் ஐந்து பணிகளைப் பட்டியலிடுக என்று கேட்கமாட்டார்கள். இன்றைய விநியோக நிறுவனம் ஒன்றுக்கு அவை எந்த அளவு பொருந்தும் என்று வாதிடச் சொல்வார்கள். மாணவர் ஒரு நிலைப்பாட்டை எடுத்து, அதற்குச் சான்று காட்டி, எதிர்வாதத்தையும் எடுத்துரைத்து முடிக்கவேண்டும்.

பிறர் கருத்தை எடுத்தாளும்போது ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் குறிக்கவேண்டும். குறிக்காமல் எழுதினால் கருத்துத் திருட்டாகக் கருதப்படும். கட்டுரைகள் ஒப்புமை காணும் மென்பொருளின் வழியாகவே ஏற்கப்படுகின்றன. ஒரு பாடத்தில் தோல்வி முதல் படிப்பிலிருந்து நீக்கம் வரை தண்டனை அமையலாம். வேண்டுமென்றே திருடாத மாணவரும், குறிப்பெடுக்கும்போது மூலவரிகளை அப்படியே எழுதிவைத்து, பின்னர் அவற்றைத் தம் சொந்த வாக்கியமென்று எண்ணிவிடுவதால் சிக்குவதுண்டு. குறிப்பேட்டில் பிறர் வரிகளை வேறு நிற மையில் எழுதுவதும் பக்க எண்ணைக் குறிப்பதும் இதைத் தவிர்க்கும்.

தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்தவருக்கு ஆங்கில நூல்களைப் படிக்கும் வேகம் இன்னொரு சுமை. சேர்க்கைக்குக் கேட்கப்படும் ஐ.ஈ.எல்.டி.எஸ். மதிப்பெண் நுழைவாயில் மட்டுமே. வாரந்தோறும் பல அத்தியாயங்களைப் படித்துக் கருத்தைப் பிரித்தெடுப்பது தனிப் பழக்கம். முதலில் முன்னுரையையும் முடிவுரையையும் படித்து, ஆசிரியரின் வாதத்தைத் தமிழில் இரண்டு வரியில் எழுதிக்கொண்டு, பிறகு உட்பகுதிக்குச் செல்வது பலனளிக்கும். தாய்மொழியில் புரிந்துகொண்டதை ஆங்கிலத்தில் எழுதுவது எளிது. புரியாத ஆங்கிலத்தை மனப்பாடம் செய்து எழுதினால் வாதம் எழாது.

வேலை அனுபவம் இங்கு பெரிய துணை. குழுக் கூட்டம், வாடிக்கையாளர் புகார், மேற்பார்வையாளரின் ஆணை ஆகியவற்றைத் தினமும் பார்ப்பவருக்குக் கோட்பாடு உடனே விளங்கும். எனினும் தம் நிறுவனத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது, அலுவலக இரகசியங்களை வெளியிடாமல் இருக்கவும் தேவையான இடத்தில் அனுமதி பெறவும் வேண்டும்.

நேரக் கணக்கு

பகுதிநேரப் படிப்பைப் பாதியில் விடுபவர்களில் பலர் நேரத்தைத் தவறாகக் கணித்தவர்கள். வகுப்பு வாரத்தில் இரண்டு மாலை என்று விளம்பரம் சொல்லும். வகுப்புக்கு வெளியே படிக்கவேண்டிய நேரம் அதில் இராது.

பிரித்தானிய முறையில் இளநிலைச் சிறப்புப் பட்டத்துக்கு 360 மதிப்பலகுகள் தேவை. ஓர் அலகு என்பது வகுப்பு, வாசிப்பு, எழுத்து, தேர்வு எல்லாம் சேர்த்து 10 மணிநேர உழைப்பு. ஆகவே முழுப் பட்டமும் 3,600 மணிநேரம். ஆண்டுக்கு 40 வாரங்கள் படிப்பதாகக் கொண்டால் கணக்கு இவ்வாறு அமையும்.

3 ஆண்டுகளில் முடிக்க: வாரத்துக்கு 30 மணிநேரம்
4 ஆண்டுகளில் முடிக்க: வாரத்துக்கு 22 மணி 30 நிமிடம்
6 ஆண்டுகளில் முடிக்க: வாரத்துக்கு 15 மணிநேரம்

பட்டயம் பெற்றவருக்கு முதலாண்டின் 120 அலகுகள் விலக்களிக்கப்பட்டால் 2,400 மணிநேரம் எஞ்சும். அதை 3 ஆண்டுகளில் முடிக்க வாரத்துக்கு 20 மணிநேரம் வேண்டும்.

இதை ஒரு வாரத்தின் 168 மணிநேரத்தில் பொருத்திப் பார்க்கலாம். வேலை 44, உறக்கம் 49, பயணம் 10, உணவும் வீட்டு வேலையும் 21 என்று கழித்தால் மிஞ்சுவது 44 மணிநேரம். அதில் 20 மணிநேரம் படிப்புக்குப் போனால், பிள்ளைகள், பெற்றோர், ஓய்வு, உடல்நலம் அனைத்துக்கும் 24 மணிநேரமே உள்ளது. மிகைநேர வேலை வழக்கமாக உள்ள தொழில்களில் இதுவும் கிடைக்காது. சேர்வதற்கு முன் வீட்டாரோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது; படிப்பவர் ஒருவரே ஆனாலும் நேரத்தைக் கொடுப்பது முழுக் குடும்பமும்.

பாட விலக்கு காலத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும். ஆனால் கட்டுரை எழுதும் முறை, நூலகப் பயன்பாடு, மேற்கோள் குறிக்கும் முறை ஆகியவை முதலாண்டில்தான் கற்பிக்கப்படுகின்றன. விலக்குப் பெற்று நேரே இரண்டாமாண்டில் நுழைபவர் இவற்றைத் தாமே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். பல நிறுவனங்கள் இதற்கெனக் கட்டணமில்லா அறிமுக வகுப்புகள் நடத்துகின்றன. அவற்றைத் தவறவிடக் கூடாது.

கட்டணமும் பாதுகாப்பும்

சிங்கப்பூரின் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களில் பகுதிநேரம் படிக்கும் குடிமக்களுக்கு அரசு கல்விக் கட்டண மானியம் தருகிறது. தனியார் நிறுவனங்களின் வழியாக நடக்கும் வெளிநாட்டுப் பட்டங்களுக்கு அந்த மானியம் இல்லை. ஆகவே குடிமக்கள் முதலில் உள்நாட்டுப் பகுதிநேரப் படிப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. விளம்பரத்தில் காட்டப்படும் கட்டணத்தோடு விண்ணப்பக் கட்டணம், தேர்வுக் கட்டணம், தோல்வியுற்ற பாடத்தை மீண்டும் படிக்கும் கட்டணம், நூல்கள், நாணய மாற்று விகித ஏற்ற இறக்கம் ஆகியவற்றையும் சேர்க்கவேண்டும்.

இத்துறையில் கசப்பான நிகழ்வுகளும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007 மார்ச்சில் சிங்கப்பூரில் திறந்த வளாகம், போதிய மாணவர் சேராததால் ஒரே பருவத்தோடு அவ்வாண்டு ஜூனில் மூடப்பட்டது. 2009இல் தனியார் பள்ளி ஒன்று ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் பெயரில் போலிப் பட்டங்களை வழங்கியது வெளிப்பட்டது. புகழ்பெற்ற பெயர் மட்டும் பாதுகாப்பாகாது என்பதை முதல் நிகழ்வும், பெயரின் உண்மையைச் சரிபார்க்கவேண்டும் என்பதை இரண்டாவது நிகழ்வும் காட்டுகின்றன.

2009இல் சிங்கப்பூர் தனியார் கல்விச் சட்டத்தை இயற்றி, தனியார் கல்வி மன்றத்தை அமைத்தது. 2016 முதல் அதன் பணிகள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் அமைப்பின் கீழ் வந்தன. இச்சட்டத்தின்படி நிறுவனங்கள் பதிவு பெறவேண்டும். மாணவரோடு நிலையான வடிவிலான ஒப்பந்தம் செய்யவேண்டும். கையொப்பமிட்ட பின் 7 வேலைநாட்கள் மறுபரிசீலனைக் காலம் உண்டு. எடுடிரஸ்ட் என்னும் தரச்சான்று பெற்ற நிறுவனங்கள் மாணவரின் கட்டணத்துக்குக் காப்பீடு போன்ற பாதுகாப்பு ஏற்பாட்டைச் செய்யவேண்டும்; நிறுவனம் மூடப்பட்டால் செலுத்திய தொகையை மீட்க இது உதவும். ஒரு நிறுவனம் பதிவு பெற்றிருப்பது அதன் படிப்பின் தரத்துக்கு அரசு அளிக்கும் உறுதி அன்று என்பதையும் மாணவர் நினைவில் கொள்ளவேண்டும்.

பட்டத்தின் ஏற்பு

சிங்கப்பூரில் வெளிநாட்டுப் பட்டங்களை ஏற்று அறிவிக்கும் மைய அமைப்பு எதுவும் இல்லை. வேலை தருபவரே முடிவு செய்கிறார். மருத்துவம், சட்டம், பொறியியல் போன்ற துறைகளுக்குத் தனி மன்றங்களின் ஒப்புதல் வேண்டும். தகவல்தொடர்புக்கும் மேலாண்மைக்கும் அத்தகைய உரிமம் தேவையில்லை. இதனால் நுழைவது எளிது. அதே காரணத்தால் பட்டத்தோடு சேர்த்து அனுபவமும் எழுத்துத் திறனும் எடைபோடப்படும்.

பட்ட வகையையும் பார்க்கவேண்டும். பிரித்தானியப் பட்டங்களில் சிறப்புத் தகுதி பொதுவாக உள்ளடங்கி, முதல் வகுப்பு, மேல் இரண்டாம் வகுப்பு என்று தரம் பிரிக்கப்படும். ஆஸ்திரேலியாவில் மூன்றாண்டு இளநிலை பொதுப் பட்டம். சிறப்புப் பட்டத்துக்கு மேலும் ஓராண்டு படிக்கவேண்டும். முதுகலை படிக்க எண்ணுபவருக்கு இந்த வேறுபாடு முக்கியம்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகச் சிங்கப்பூர் சென்று, அங்கு பகுதிநேரமாகப் படித்துவிட்டு ஊர் திரும்ப நினைப்பவர் மிகவும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். இந்தியாவில் அரசுப் பணிக்கும் மேற்படிப்புக்கும் வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைத்தகுதிச் சான்று கேட்கப்படும். நீண்டகாலமாக இச்சான்றை வழங்கிவந்த இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், வகுப்பறையில் முழுநேரமாகப் படித்த பட்டங்களையே பொதுவாக ஏற்றது. பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் இதற்கெனப் புதிய ஒழுங்குமுறைகளை அறிவித்தது. அவற்றின்படி, வேறொரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்து நடத்தப்படும் படிப்பில் பெற்ற தகுதி இணைத்தகுதிக்கு ஏற்கப்படாது. தனியார் நிறுவனங்கள் தம் விருப்பப்படி ஏற்கலாம். ஆனால் அரசுத் தேர்வு எழுதவோ ஆசிரியப் பணிக்குச் செல்லவோ எண்ணுபவர், தம் படிப்பு எந்த வகையில் அடங்கும் என்பதை முன்பே எழுத்துமூலம் கேட்டறிய வேண்டும்.

இலங்கையில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா என்பதை அறிய, பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலையும் பன்னாட்டுப் பல்கலைக்கழகங்களின் கையேட்டையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அடிப்படையாகக் கொண்டு வந்துள்ளது.

சேருமுன் சரிபார்க்க வேண்டியவை

1. பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் உள்ளூர் நிறுவனத்தின் பெயர் கூட்டாளியாகக் குறிப்பிடப்பட்டுள்ளதா?
2. உள்ளூர் நிறுவனத்தின் பதிவும் எடுடிரஸ்ட் சான்றும் எந்த நாள் வரை செல்லும்? படிப்பு முடியும் வரை நீடிக்குமா?
3. கற்பிப்பவர் யார்? வினாத்தாள் தயாரிப்பதும் திருத்துவதும் யார்?
4. சான்றிதழிலும் மதிப்பெண் பட்டியலிலும் படித்த இடமும் முறையும் குறிப்பிடப்படுமா?
5. விலக்களிக்கப்படும் பாடங்கள் எவை? அவை எழுத்தில் உறுதி செய்யப்பட்டுள்ளனவா?
6. வேலை மாற்றம், மகப்பேறு, நோய் ஆகிய காரணங்களால் ஒரு பருவம் நிறுத்திவைக்க முடியுமா? பட்டத்தை முடிக்க அதிகபட்சக் காலம் எவ்வளவு?
7. பல்கலைக்கழகம் கூட்டை முறித்துக்கொண்டால் ஏற்கெனவே சேர்ந்த மாணவர்களின் நிலை என்ன?
8. வேலை அனுமதியில் தங்கியிருப்பவரெனில், அந்த அனுமதியின் நிபந்தனைகள் படிக்க இடம் தருகின்றனவா?
9. எதிர்காலத்தில் வாழ எண்ணும் நாட்டில் இப்பட்டம் ஏற்கப்படுமா?

முகவர் வாய்மொழியாகத் தரும் உறுதி போதாது. ஒப்பந்தத்தில் உள்ளதே செல்லும். முன்பு படித்து முடித்தவர் இருவரிடமாவது பேசுவதும், நடுவில் விட்டவர் ஒருவரிடம் காரணம் கேட்பதும் விளம்பர ஏடுகள் தராத செய்தியைத் தரும்.

பயன்

தகவல்தொடர்பும் மேலாண்மையும் கற்றவர்கள் பொதுமக்கள் தொடர்பு, மனிதவளம், விற்பனை, நிகழ்ச்சி ஏற்பாடு, அரசுசாரா அமைப்புகள், பயிற்சித் துறை ஆகியவற்றில் பணியாற்றுகின்றனர். ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்குப் பட்டத்தின் முதற்பயன் பெரும்பாலும் புதிய வேலையாக அமைவதில்லை. இருக்கும் வேலையைச் செய்யும் முறையில் அது தெரியும். தெளிவான அறிக்கை எழுதுவது, கூட்டத்தைக் குறித்த நேரத்தில் முடிப்பது, கீழ்ப்பணியாளர் தயங்கித் தயங்கிச் சொல்லும் எச்சரிக்கையை நின்று கேட்பது ஆகியவை இப்படிப்பு தரக்கூடிய திறன்கள். சரியான நிறுவனத்தைத் தேர்ந்து, நேரத்தை உண்மையாகக் கணக்கிட்டுச் சேர்பவருக்கு, பகுதிநேரப் பட்டம் முழுநேரப் பட்டத்துக்கு ஈடான கல்வியைத் தர வல்லது.